திரை இருண்டால் எல்லாம் போய்விட்டதா?

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் அவ்வப்போது மணலால் தூர்ந்து விடும். படகு கடலுக்குப் போக முடியாது. அதற்காக ஏரியே போய்விட்டது என்று யாராவது சொல்வார்களா? மணலை அள்ளி வழி செய்யத்தான் பார்ப்பார்கள்.

வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினி விஷயத்தில் மட்டும் நாம் அப்படி நினைப்பதில்லை.

பொத்தானை அழுத்துகிறோம். கடவுச்சொல் கேட்கிறது. கொடுத்ததும் திரை இருள்கிறது. மறுபடியும் கடவுச்சொல்லே கேட்கிறது! பத்து முறை கொடுத்தாலும் அதே கதை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே "பார்மட்" செய்து விட்டால் இயந்திரம் பிழைத்து விடும். ஆனால் அக்காள் கல்யாணப் படம், தாத்தாவின் கடைசிப் படம், வலை வாங்கிய கடன் கணக்கு எல்லாம் போயே போய்விடும்.

விழுந்தது எது?

இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது, பழவேற்காடு இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15-ந் தேதி காக்களூரில் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது.

லினக்ஸ், 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். அதை வைத்து நம் நாட்டு மொழிகளுக்கு ஏற்றபடி "பாஸ்" லினக்சை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். 2007-ல் வெளிவந்தது.

படங்களும் பட்டியல்களும் தெரிகிற முகப்பு, லினக்சில் ஒரு தனிப் புரோகிராம். அது விழுந்தாலும் அடியில் லினக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். படகில் மோட்டார் ஓட, விளக்கு மட்டும் அணைந்தது போல!

கறுப்புத் திரை

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து வரும். பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுங்கள். (கடவுச்சொல்லைத் தட்டும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசை கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.) உள்ளே விட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஹெச் என்று சிறிய எழுத்தில் தட்டி என்டரை அழுத்துங்கள். வட்டு எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும். சாய்கோடு மட்டும் உள்ள வரியில் 100 என்று இருந்தால் திருடன் அகப்பட்டான்! முகப்பு எழும்போது சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாவிட்டால் விழுந்து விடும். ஏரி வாயில் மணல் சேர்ந்த கதைதான் இதுவும்.

பெரும்பாலும் இரண்டு சினிமாவை அழித்தாலே வழி பிறக்கும். ஆர், எம், இடைவெளி, பிறகு கோப்பின் பெயர். ஆனால் இங்கே குப்பைக்கூடை கிடையாது, அழித்தது அழித்ததுதான். பெயரை இரண்டு தரம் படித்த பிறகே என்டரைத் தொடுங்கள்.

இடம் இருந்தும் விழுகிறதா? புதுப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து பாருங்கள். அது சரியாக வந்தால், உங்கள் கணக்கின் அமைப்புக் கோப்புகளில்தான் கோளாறு. அவற்றை அழிக்காமல் வேறு பெயர் மாற்றி வையுங்கள். லினக்ஸ் புதிதாக உண்டாக்கிக் கொள்ளும். புதுக் கணக்கும் வரவில்லையென்றால், இயந்திரம் எழும்போது தோன்றும் பட்டியலில் பழைய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வந்த மாற்றம் திரையோடு ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம்.

வட்டில் "கட கட" என்ற சத்தம் கேட்டால் இதெல்லாம் வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும், ஒரு பென் டிரைவில் உள்ள லினக்சைக் கொண்டே இயந்திரத்தை எழுப்பி, படங்களையும் கணக்குகளையும் வேறு இடத்துக்கு நகல் எடுக்க முடியும். அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் பார்மட் என்று கடைக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.