காணாமல்போகும் ஆற்றலில் கிடைத்த கார்பன்

மனித உடலிலிருந்து நீர் முழுவதையும் நீக்கிவிட்டால் மிஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அந்தக் கார்பன் பூமியில் உருவானதன்று. முதிர்ந்த விண்மீன்களின் உட்பகுதியில், 100 மில்லியன் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து பிறந்தது. இன்று இது பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் வந்துபோகிறது. ஆனால் 1950களின் தொடக்கத்தில் அந்த ஒரு வரியை யாராலும் உறுதியாக எழுத முடியவில்லை. கணக்குப் போட்டவர்களுக்கு, விண்மீன்களில் கார்பன் மிஞ்சவே வழியில்லை என்ற விடைதான் கிடைத்தது.

சிக்கல் என்ன தெரியுமா? இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்தால் கிடைப்பது பெரிலியம்-8. ஒரு விநாடியைப் பத்தாயிரம் டிரில்லியன் பங்குகளாக்கினால், ஏறத்தாழ ஒரு பங்கு நேரம்தான் அது உயிர்வாழும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர வேண்டும். இந்த இரு கட்ட வழியை எட்வின் சால்பீட்டர் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார். பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் அதை மேலும் கணக்கிட்டபோது, உருவாகும் கார்பன் உடனுக்குடன் இன்னொரு ஹீலியத்துடன் சேர்ந்து ஆக்சிஜனாகிவிடும் என்று தெரிந்தது. பிரபஞ்சத்தில் நாம் காணும் அளவுக்குக் கார்பன் மிஞ்ச வேண்டுமானால், அது உருவாகும் வேகம் பல மடங்கு கூட வேண்டும். அதற்கு ஒரே வழி, கார்பன்-12 அணுக்கருவில் சரியான உயரத்தில் ஓர் ஆற்றல் நிலை இருக்க வேண்டும். அவர் சொன்ன உயரம் 7.68 மெகா எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக எம்இவி.

அணுக்கருவின் ஆற்றல் நிலை என்பதை ஏணிப்படியாக நினைத்துக்கொள்ளலாம். அணுக்கரு அடித்தளத்தில் நிற்கலாம், குறிப்பிட்ட படிகளில் நிற்கலாம்; இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. ஒவ்வோர் அணுக்கருவுக்கும் அதன் ஏணி வேறு. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேரும்போது அவற்றின் மொத்த ஆற்றல், கார்பனின் அடித்தளத்துக்கு மேல் 7.27 எம்இவி உயரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே ஒரு படி இருந்தால், விண்மீனின் வெப்பம் தரும் சிறிய உந்துதலில் அவை நேராக அந்தப் படியில் வந்து இறங்கும். வினையின் வேகம் மில்லியன் கணக்கான மடங்கு கூடிவிடும்.

சரி, அந்தப் படி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒளியைக் கொண்டு அணுக்கருவைப் படம்பிடிக்க முடியாது. அதன்மீது எதையாவது எறிந்து, திரும்பி வருவதைக் கவனிக்க வேண்டும். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் எடுத்தவர்களுக்குக் கைகரும் மார்ஸ்டெனும் 1909ல் தங்கத் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்திய சோதனை நினைவிருக்கும். அதிலிருந்து அணுவுக்குள் கரு இருக்கிறது என்பது தெரிந்தது. கருவுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய, துகள் எந்தப் பக்கம் திரும்பியது என்பது மட்டும் போதாது. எவ்வளவு ஆற்றலோடு திரும்பியது என்றும் அளக்க வேண்டும்.

சமூக மன்றத்தில் கேரம் ஆடியவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஸ்ட்ரைக்கர் காயை அடித்தபின் எந்த வேகத்தில் விலகும் என்பதைக் காயின் எடையையும் கோணத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். இப்போது காய்க்குள் ஒரு சுருள்வில் மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட வேகத்தில் வில் அமுங்கினால், ஸ்ட்ரைக்கர் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே திரும்பும். குறைந்த ஆற்றல் வில்லுக்குள் போயிருக்கிறது. காயைத் திறந்து பார்க்காமலே உள்ளே வில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அணுக்கருவில் அந்த வில் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே ஆற்றலை வாங்கும். கார்பன்மீது எலக்ட்ரான்களையோ புரோட்டான்களையோ மோதவிட்டு, சிதறி வருபவற்றை ஆற்றல்வாரியாக எண்ணி வரைபடம் போட்டால், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் முகடுகள் தெரியும். எதையும் இழக்காமல் வந்தவை மீட்சிச் சிதறல்; அது முதல் முகடு. அதிலிருந்து 4.44 எம்இவி இழந்தவை அடுத்த முகடு. இவ்வாறு ஆற்றல் குறைந்து வருவதை மீட்சியற்ற சிதறல் என்பர். முகடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் ஏணியின் படிகள்.

1953ல் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வார்டு வேலிங் குழுவினர் கையாண்டது இதன் நெருங்கிய உறவுமுறை. நைட்ரஜன்-14மீது டியூட்டிரான்களைச் செலுத்தினார்கள். மோதலில் ஓர் ஆல்ஃபா துகள் வெளியேற, மீதமிருப்பது கார்பன்-12. கண்டிப்பாகச் சொன்னால் இது சிதறல் அல்ல, அணுக்கரு வினை. ஆனால் கணக்கு அதே வரவுசெலவுக் கணக்குதான். டியூட்டிரான் கொண்டுவந்தது 0.62 எம்இவி. வினையில் நிறை குறைவதால் கிடைப்பது 13.57. ஆக மொத்தம் 14.19. ஆல்ஃபாவும் கார்பனும் ஓட்டத்தில் இந்த முழுத் தொகையையும் பங்கிட்டுக்கொண்டால், கார்பன் அடித்தளத்தில் இருக்கிறது. 9.75 மட்டும் கணக்கில் வந்தால், 4.44 படிக்குப் போயிருக்கிறது. ஏறத்தாழ 6.5 மட்டுமே வந்தால்? ஹாயில் சொன்ன படி அங்கே இருக்கிறது.

இருந்தது. காந்தப்புலத்தால் ஆல்ஃபா துகள்களை ஆற்றல்வாரியாகப் பிரித்தபோது 7.68 எம்இவியில் ஒரு முகடு எழுந்தது. பிழை எல்லை 0.03. அது சிறிய முகடு. 4.44 படிக்குப் போனவற்றோடு ஒப்பிட்டால் வெறும் 6 விழுக்காடு. தேட வேண்டிய இடம் தெரியாமல் போயிருந்தால் பின்னணி இரைச்சல் என்று கடந்துபோகக்கூடிய அளவு. நவீன அளவீடு 7.654 என்கிறது. இன்று அதன் பெயரே ஹாயில் நிலை.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். “நான் உயிரோடு இருக்கிறேன், எனவே அந்த நிலை இருந்தே தீரும்” என்று ஹாயில் வாதிட்டதாகப் பல நூல்களிலும் காணொளிகளிலும் வருகிறது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஹெல்கே கிராக் 2010ல் இதை ஆராய்ந்து, 1953ல் ஹாயில் உயிரைப் பற்றி வாதிட்டதற்குச் சான்றில்லை என்று காட்டினார். ஹாயில் தொடங்கியது விண்ணில் ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதிலிருந்து. உயிர் பற்றிய விளக்கம் பல ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. எனக்கு உண்மைக் கதைதான் பிடித்திருக்கிறது. விண்மீன்களைப் படிப்பவர் ஓர் எண்ணைச் சொல்கிறார், ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணை அளந்து பார்க்கிறார்கள். இதற்கு மேல் அலங்காரம் எதற்கு?

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த வில்லியம் ஃபவுலர், விண்மீன்களில் தனிமங்கள் உருவாவதைப் பற்றிய ஆய்வுக்காக 1983ல் நோபெல் பரிசு பெற்றார். அவருடன் அதே ஆண்டு இயற்பியல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த சுப்ரமணியன் சந்திரசேகர். ஹாயிலுக்குக் கிடைக்கவில்லை.

படி இருப்பது தெரிந்ததோடு வேலை முடியவில்லை. ஹாயில் நிலைக்கு வந்த கார்பனில் பத்தாயிரத்தில் நான்கு அளவுதான் அடித்தளத்துக்கு இறங்கி நிலையான கார்பனாகிறது. மற்றவை மீண்டும் மூன்று ஹீலியமாக உடைகின்றன. நம் உடலில் இருப்பது அந்த நான்கின் பங்கு. எலக்ட்ரான் சிதறல் ஆய்வுகளோ, இந்த நிலையில் கார்பன் வழக்கத்தைவிடக் கணிசமாகப் பெருத்து, மூன்று ஹீலியக் கருக்கள் தளர்வாகக் கூடியிருப்பதுபோல் இருப்பதைக் காட்டின. அடிப்படை விதிகளிலிருந்து தொடங்கி இந்த நிலையைக் கணினியில் வரவழைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு படி இதைவிடப் பிடிவாதம் பிடித்தது. ஹாயில் நிலை சுழலத் தொடங்கினால் 10 எம்இவி அருகே ஒரு நிலை தோன்ற வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தப் பகுதியில் 9.64 நிலையின் கூரான முகடும், வேறோர் அகலமான முகடும் அதை மூடி நின்றன. உதவியது கோணம். துகள்கள் ஒவ்வொரு கோணத்திலும் எத்தனை சிதறுகின்றன என்ற வடிவம், அணுக்கருவின் சுழற்சி எண்ணைப் பொறுத்து மாறும். பல கோணங்களில் அளந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த முகடுகளைப் பிரித்தார்கள். புரோட்டான், ஆல்ஃபா சிதறல்களில் தென்பட்ட அந்த நிலையை, 2013ல் வட கரோலினாவில் காமா கதிர்களைக் கொண்டு நடந்த சோதனை உறுதிப்படுத்தியது.

இத்தனை முகடுகளையும் யார் ஒன்றுதிரட்டுவது? ஒரே நிலைக்கு ஐந்து ஆய்வுக்கூடங்கள் ஐந்து எண்கள் தந்தால் எதை நம்புவது? இந்தக் கேள்விகளுக்கு வாழ்நாளைக் கொடுத்தவர் ஃபே ஐசன்பர்க்-செலோவ். 1926ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். கால்டெக்கின் தாமஸ் லாரிட்சனுடன் சேர்ந்து, ‘இலேசான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகள்’ என்ற தொகுப்பை 1952 முதல் வெளியிட்டார். லாரிட்சன் 1973ல் மறைந்தபின் தனியாளாகத் தொடர்ந்தார். உலகெங்கும் வெளியான கட்டுரைகளைப் படித்து, ஒப்பிட்டு, சந்தேகத்துக்குரியதைக் குறித்துவைக்கும் வேலை அது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காத வேலை என்று சிலர் நினைக்கலாம். அந்த அட்டவணைகள் இல்லாமல் விண்மீன் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள், அப்போது புரியும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவியை மறுத்தது. வயதும், ஆய்வு போதாது என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. அவருக்கு அப்போது நாற்பதுகளின் நடுவயது. வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்திடம் முறையிட்டு, 1973ல் பதவியைப் பெற்றார். 2007ஆம் ஆண்டுக்கான அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 2012ல் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொகுப்பை வட கரோலினாவின் ‘டியூஎன்எல்’ ஆய்வுக்கூடம் தொடர்கிறது. அட்டவணைகள் இணையத்தில் இலவசம். கைப்பேசியிலேயே திறந்து பார்க்கலாம். கார்பன்-12 பக்கத்தில் முதல் வரி சுழியம், அடுத்து 4.44, அதற்கடுத்து 7.654. மேலே போகப் போக, சில வரிகளில் சுழற்சி எண் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் காண்பீர்கள். அந்த எண்கள் இன்னும் உறுதியாகவில்லை.