விமானம் ஒரு மணி. பயணம் எத்தனை மணி?

"திருச்சிக்கும் சென்னைக்கும் விமானத்தில் ஒரு மணி நேரம்தான்" என்று வணிகர்கள் பலர் சொல்லக் கேட்கிறோம். சொல்வதில் பிழையில்லை. இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 295 கி.மீ. மட்டுமே. ஆனால் அந்த ஒரு மணி, விமானம் இங்கே நகரத் தொடங்கி அங்கே போய் நிற்கும் வரையிலான கணக்கு. கடையைப் பூட்டியதிலிருந்து கொள்முதல் கடைப் படியேறும் வரை எண்ணுவதே வணிகனின் கணக்கு.

எங்கள் உப்பிலியபுரத்திலிருந்து ஒருவர் சென்னை மண்ணடிக்குச் சரக்கெடுக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். துறையூர் வழியாக வந்து, திருச்சி நகரையும் கடந்து, புதுக்கோட்டை சாலையிலுள்ள விமான நிலையத்தை அடையக் காரில் 2 மணி. கவுண்ட்டரை முன்கூட்டியே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். விமானம் 1 மணி. இறங்கிப் பெட்டியெடுத்து வெளியே வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து மண்ணடிக்கு, 2019 முதல் அந்த வழியே ஓடும் மெட்ரோ ரயிலில் முக்கால் மணி. ஆக மொத்தம் ஐந்தே முக்கால் மணி.

திருச்சி போகாமல், துறையூர், பெரம்பலூர் வழியாகக் காரிலேயே சென்றால் ஆறு, ஆறரை மணி. 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத் ரயில் திருச்சியிலிருந்து எழும்பூருக்குச் சுமார் 4 மணியில் போகிறது. வீட்டிலிருந்து கணக்கிட்டால் ஏழு மணிக்குள் முடியும். ஆக, விமானத்தால் நமக்கு மிச்சம் ஒரு மணிக்குள்தான்.

இரவு செல்லும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பாருங்கள். நேரம் அதிகம்தான். ஆனால் கடையடைத்த பிறகு புறப்பட்டு, தூங்கி எழுந்தால் எழும்பூர். அன்றைய வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. மணி எத்தனை என்பதோடு, எந்த மணி என்பதும் முக்கியம்.

அப்படியானால் விமானம் வேண்டாமா? சிங்கப்பூருக்கு வேறு வழியேது! திருச்சியிலிருந்து ஏறத்தாழ 3,000 கி.மீ.; நேரடி விமானத்தில் சுமார் 4 மணி. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் அங்கே இறங்கும்போது மாலை 4.30. திரும்பும்போதோ ஒன்றரை மணியில் வந்துவிட்டதுபோல் தோன்றும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே போட்டிருக்கும். அதை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடக் கூடாது. நாம் காலை 9 மணிக்குக் கடை திறக்கையில் அங்கே 11.30, பணப் பேச்சு, ஆர்டர் பேச்சு எதற்கும் இது நினைவிருக்கட்டும். காய்கறி, பூ போன்ற அழுகும் சரக்கை அனுப்புவோருக்கு விமானக் கட்டணம் செலவல்ல, சரக்கைக் காக்கும் காப்பு.

எனவே டிக்கெட் எடுக்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்றை எழுதுங்கள்: வாசலிலிருந்து வாசல் வரை மொத்த நேரம், மொத்தச் செலவு, கடை மூடியிருக்கும் நேரம். எது லாபம் என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும்.