வாசலில் நிற்கும் வசூல்காரருக்கு என்ன அதிகாரம்?

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியும்போதே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், போடி பக்கங்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்ப மாலையாகிவிடும். அவர்கள் குழுக் கடன் வாங்கியிருந்தால், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் நிறுவனத்தார் அழைத்துத் தவணை கேட்கக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதி. விதி அனுமதிக்கும் நேரத்தில் ஆள் மலையில் இருப்பார்; வீட்டில் இருக்கும் நேரத்தில் விதி அனுமதிக்காது. தகராறு முளைக்க இது போதும்.

அந்த விதிகள் இன்னும் பல விஷயங்களைச் சொல்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் கேட்காமல் தருவதே நுண்கடன். அந்தக் குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தவணையை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராதவரை மட்டுமே வீட்டிலோ வேலை இடத்திலோ போய்ப் பார்க்கலாம். கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்வது, கடன் வாங்கியவர் பெயரை ஊரறிய வெளியிடுவது எல்லாமே தடை.

ஆனால் குழுக் கடனில் நெருக்குபவர் எப்போதும் நிறுவன ஊழியராக இருப்பதில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரியே வசூல்காரியாகிவிடுகிறாள். ரிசர்வ் வங்கி விதி கட்டுப்படுத்துவது கடன் கொடுத்த நிறுவனத்தையும் அதன் ஏஜென்டுகளையும்தான்.

வண்டிக் கடன் கதை வேறு. தவணை தவறிய வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். ஆனாலும் அடியாட்களை அனுப்பி வழிமறித்துப் பறிக்க அதில் இடமில்லை. ஐசிஐசிஐ வங்கிக்கும் பிரகாஷ் கௌர் என்பவருக்கும் இடையிலான வழக்கில், 2007இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொன்னது.

வீட்டை அடமானம் வைத்திருந்தால் வங்கிகளின் கையில் இருப்பது 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம். கடன் வாராக் கடனாக வகைப்படுத்தப்பட்ட பிறகு, 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்கும் பணம் வராவிட்டால் சொத்தைக் கையகப்படுத்தலாம். எதிர்ப்பு இருந்தால் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் உத்தரவு வழியாகப் போவார்கள். கடன்தாரர் 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தென் மாவட்டங்களுக்கு அது மதுரையில் இருக்கிறது.

பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் பாயாது. பத்திரத்திலும் வருவாய்த் துறைப் பதிவேட்டிலும் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது. நிலம் உண்மையில் எதற்காகப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன பாப்பிரெட்டியார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பந்தல் போட்ட திராட்சைத் தோட்டத்துக்கும் பிளாட் போட்ட புஞ்சைக்கும் பதில் வேறாகலாம்.

வங்கியும் இல்லை, நிறுவனமும் இல்லை, தெருவில் தண்டல் விடுபவர் என்றால்? மாதத்துக்குப் பத்து வட்டி என்பது ஆண்டுக்கு 120 சதவீதம். சினிமா தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் 2003 மே மாதம் தற்கொலை செய்துகொண்டதையடுத்து, அந்த ஆண்டே தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நாள் வட்டி, மணி நேர வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றன. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் கணக்கை முடிக்க மறுத்தால், கடன்தாரர் பணத்தை நீதிமன்றத்தில் கட்டி மனு போடவும் வழி வைத்தார்கள்.

சட்டம் வந்து 14 ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பமே கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்தது. 2022இல் காவல் துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ நடத்தியது. 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது: மிரட்டல், பின்தொடர்தல், உடைமையைப் பறித்தல் போன்ற வலுக்கட்டாய வசூலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

“கட்டாவிட்டால் ஜெயில்தான்” என்ற மிரட்டல் பெரும்பாலும் வெற்று மிரட்டல். கடன் பாக்கி சிவில் விவகாரம். கோர்ட்டில் டிகிரி வாங்கினாலும் சமையல் பாத்திரம், படுக்கை, விவசாயியின் ஏர்க்கருவிகள், உழவு மாடு ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணத்துக்கான டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவும் முடியாது. கையில் காசு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை சிவில் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980இலேயே தீர்ப்பளித்தார். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது காசோலை விஷயத்தில்: கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் திரும்பி, நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் தராவிட்டால், அது 2 ஆண்டு வரை சிறைக்கு வாய்ப்புள்ள குற்ற வழக்கு.

மிரட்டலுக்குக் காவல் நிலையத்தில் புகார் தரலாம். வங்கி, நிதி நிறுவனம் என்றால் முதலில் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.