ஒரே பகலில் ஏழு உச்சிகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒயிட் மவுண்டன்ஸ் பகுதியில், அதிபர்களின் பெயர் தாங்கிய மலைத்தொடர் ஒன்று இருக்கிறது. மேடிசன், ஆடம்ஸ், ஜெபர்சன், வாஷிங்டன், மன்றோ, ஐசனோவர், பியர்ஸ். விடியுமுன் வடக்கு முனையில் ஏறத் தொடங்கி, ஏழு உச்சிகளையும் தொட்டு, அன்றைக்கே தெற்கு முனையில் இறங்குவதை 'பிரசிடென்ஷியல் டிராவர்ஸ்' என்கிறார்கள்.

ஏழு மலைகளையும் அடிவாரத்திலிருந்து தனித்தனியே ஏறுவதென்றால் ஒரு நாள் எந்த மூலைக்கு? இவை ஒரே முகட்டில் வரிசையாக நிற்பதால்தான் இது முடிகிறது. இங்கே உச்சியின் உயரத்தைவிட, இரண்டு உச்சிகளுக்கு நடுவே முகடு எவ்வளவு தாழ்கிறது என்பதே முக்கியம். ஆடம்ஸின் உயரம் சுமார் 1,760 மீட்டர், ஜெபர்சன் சுமார் 1,740. இடையிலுள்ள எட்மண்ட்ஸ் கணவாய் 1,500 மீட்டருக்குக் கீழே போவதில்லை. ஆகவே, அடுத்த உச்சிக்கு 240 மீட்டர் ஏறினால் போதும். ஜெபர்சனுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே கிளே என்று இன்னொரு மேடும் உண்டு. ஆனால் பக்கத்துத் தாழ்விலிருந்து 200 அடியாவது எழும்பினால்தான் அதைத் தனி உச்சியாகக் கணக்கில் சேர்ப்பார்கள். கிளே அந்த அளவுக்கு எழும்பவில்லை.

மொத்த ஏற்றம் சுமார் 2,700 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது முதல் மலையான மேடிசனிலேயே தீர்ந்துவிடுகிறது. கால் புதிதாக இருக்கும்போதே கடினமானதை முடித்துவிடலாம் என்றுதான் பலரும் வடக்கிலிருந்து கிளம்புகிறார்கள். நல்ல யோசனை; ஏனென்றால் வடபாதிப் பாதை முழுக்கப் பாறைக் குவியல், ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு விதி சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. சுமார் 32 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதைக்கு அந்த விதிப்படி 11 மணி நேரம் வரும். உள்ளூர் வழிகாட்டி நூல்களின் கணக்கு, மைலுக்கு அரை மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி. அப்படிப் பார்த்தால் 14 மணிக்கு மேல். இந்தப் பாறைகளுக்கு இரண்டாவதையே நம்ப வேண்டும். அதனால்தான் பகல் நீளும் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இறக்கம் என்றால் ஓய்வு என்று நினைத்துவிடக் கூடாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடலின் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய காயங்கள் ஏற்படுவது அப்போதுதான். மறுநாள் படியிறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான்.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது வானிலையைத்தான். பாதையின் பெரும்பகுதி மரம் வளராத உயரத்தில் போகிறது. ஒதுங்க நிழல்கூடக் கிடையாது. வாஷிங்டன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 1996 வரை அதுவே உலகச் சாதனை. கோடையிலும் மேகம் இறங்கினால், வழிகாட்டும் கற்குவியல்களில் அடுத்தது தெரியாது. இடி முழங்கினால் எந்த உச்சி பாக்கியிருந்தாலும் அருகிலுள்ள பாதையில் காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். இதில் பேரமே கூடாது.

மன்றோ அருகே கால் வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ராபின்ஸ் சிங்க்பாயில் என்ற குட்டி மஞ்சள் பூச்செடி இந்த மலைகளில் மட்டுமே வளர்கிறது. நடப்பவர்கள் மிதித்தே அழியவிருந்த செடி அது. பாதையைத் தள்ளிப் போட்டுக் காப்பாற்றினார்கள். 2002-ல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது. பாதையை விட்டு விலகாமல் நடப்பவர்களால்தான் அது இன்றும் அங்கே பூக்கிறது.