பசுமைக் கட்டடத்துக்குள் மதியத் தலைவலி ஏன்?

சென்னைப் புறநகரான மாங்காட்டிலிருந்து கிளம்பிப் போரூரைத் தாண்டினால் மணப்பாக்கத்தில் ஐடி வளாகங்கள் தொடங்கிவிடும். இத்தகைய வளாகங்கள் பல 'லீட்' பசுமைச் சான்றிதழ் பெற்றவை. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள், உள்காற்று எல்லாவற்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஆனால் சான்றிதழ் வாங்கிய நாளின் காற்றும் இன்று ஊழியர் சுவாசிக்கும் காற்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சென்னையின் சிக்கல் ஈரப்பதம். வெளிக்காற்றை உள்ளே விட்டால் ஏசி அதைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் பிழிந்தெடுக்க வேண்டும், மின்கட்டணம் ஏறும். அதனால் வெளிக்காற்று வரும் வழியைக் குறுக்கத் தோன்றும். குறுக்கினால் நாம் விடும் மூச்சே அறையில் தேங்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. ஆட்கள் நிறைந்த, மூடிய மீட்டிங் அறையில் அது எளிதில் 1,000 தாண்டும். மதியம் மூன்று மணிக்கு வரும் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் சாப்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

2014இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை ஓர் அலுவலகத்தில் வேலை செய்யவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான கட்டடச் சூழலைவிடப் பசுமைக் கட்டடச் சூழலில் சிந்தனைத் திறன் மதிப்பெண் சராசரியாக 61 சதவீதம் கூடியது. வெளிக்காற்றை மேலும் அதிகரித்தபோது மதிப்பெண்ணே இரட்டிப்பானது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஊழியரின் மூளையைவிட மின்கட்டணத்தைப் பெரிதாக நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

காற்றைப் போலவே அலுவலகக் குளிரையும் கேள்வி கேட்க வேண்டும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகர அலுவலகங்களில் 6,330 பதில்களைத் திரட்டியது. ஏசி இல்லாத அலுவலகங்களில் நம்மவர்கள் வெளிநாட்டு அளவுகோல்கள் கணித்ததைவிடக் கூடுதல் வெப்பத்திலும் வசதியாக இருந்தார்கள். ஸ்வெட்டர் போட்டு உட்கார வைக்கும் குளிர் யாருக்காக? ஏசியில் ஒரு டிகிரி ஏற்றினாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். அந்த மிச்சத்தை வெளிக்காற்றுக்குச் செலவிடலாமே!

மாங்காட்டிலேயே கடை மாடிகளில் இயங்கும் சிறு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்காற்றையே சுழற்றும். சாலைப் புழுதி குறைந்த நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைச் சில நிமிடம் திறந்து வையுங்கள். ஜன்னல் திறக்காத பெரிய வளாகத்தில் வேலை என்றால் நிர்வாகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மீட்டிங் அறையில் மதியம் எத்தனை பிபிஎம்? ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?