மூக்குக்குத் தெரியாத நஞ்சு

கிள்ளான் பண்டமாரான் ஒட்டுக்கடையில் வாங்கிய நாசி லெமாக் நல்லதா கெட்டதா என்பதை நம்மில் பலர் மோந்து பார்த்தே முடிவு செய்கிறோம். சுகாதார அமைச்சும் 'பார், முகர், சுவை' என்றுதான் பிரசாரம் செய்துவந்திருக்கிறது. தேங்காய்ப்பால் ஊசிப்போயிருந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும், உண்மைதான். ஆனால் உணவை ஊசவைக்கும் கிருமிகள் வேறு, நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் வேறு. 2018 அக்டோபரில் கெடா மாநிலம் பாலிங்கில் லக்சா சாப்பிட்ட இருவர் இறந்தார்கள், பலர் நோயுற்றார்கள். காரணம் சால்மோனெல்லா. நாற்றமெடுத்த லக்சாவை அத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்களா?

சோற்றின் கதை இன்னும் நுட்பமானது. அரிசியோடு வரும் 'பசில்லஸ் செரியஸ்' கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைத்துப் பெருகுகின்றன. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளுக்கு உகந்தது. கிள்ளானின் சாதாரணப் பகல்பொழுதே 30 பாகையைத் தாண்டும். வாந்தியை உண்டாக்கும் பசில்லஸ் செரியஸின் நஞ்சு ஒருமுறை உருவாகிவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அவித்த முட்டையை உரிக்கும் கையிலிருந்து ஒட்டக்கூடிய 'ஸ்டாபிலோகாக்கஸ்' கிருமியின் நஞ்சும் அப்படித்தான். ஆகவே கடை பளபளப்பாக இருக்கிறதா என்பதைவிட, சமைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதே பெரிய கேள்வி. புகையடிக்கும் சாலையோரம் கண்ணெதிரே சுட்டுத் தரும் ரொட்டி சானாய், குளிரூட்டப்பட்ட கடையில் காலையிலிருந்து ஆறிக் கிடக்கும் மீ கோரெங்கைவிடப் பத்திரமானது என்பேன்.

"இத்தனை வருஷம் சாப்பிட்டோம், என்ன ஆயிற்று?" என்பார்கள். இந்த நஞ்சுகளால் வரும் வாந்தி பெரும்பாலும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. யாரும் கிளினிக்குக்குப் போவதில்லை, கணக்கிலும் ஏறுவதில்லை. வியாபாரிகள் தடுப்பூசி போட்டிருக்கிறார்களே என்றால், அந்த ஊசி டைபாய்டுக்கு மட்டுமே காவல். சோற்றுக் கிருமிக்கு அல்ல. கெடுபிடி செய்தால் சிறு வியாபாரி நொடித்துப்போவார் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே தேவைப்படுவது புதுக்கடையோ விலையுயர்ந்த கருவியோ அல்ல. ஒரே பானையில் வடிக்கும் சோற்றை இரண்டு தவணையாக வடித்து, மூடிய பாத்திரத்தில் சூடு குறையாமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி வாங்குகிறவர் கையில்: சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்கிறது அமைச்சு. காலையில் வாங்கிய பொட்டலத்தைக் காரில் போட்டுவிட்டு மத்தியானம் பிரிக்காதீர்கள்.