பத்துத் துளைச் சக்கரம்

பரணில் பழைய பித்தளைக் குடம் அகப்பட்டால் புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் வைக்கிறோம். அதன் பக்கத்திலேயே கிடக்கும் கறுப்பு டெலிபோனை மாத்திரம் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டு விடுகிறோம். இது நியாயந்தானா என்று நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் சிறுசேரி என்னும் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாய் இருந்த அவ்விடத்தில் இன்று சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா ஓங்கி நிற்கிறது. அங்கிருந்து கண்ணாடி இழை வழியே செய்திகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கடல் கடக்கின்றன. இவ்வளவு வைபவத்துக்கும் முன்னோடி அந்தக் கறுப்புப் பெட்டி அல்லவா?

சென்னையில் டெலிபோன் நிலையம் 1882-ம் வருஷம் ஜனவரியில் திறக்கப்பட்டது. அக்காலத்தில் நிலையத்து ஊழியரிடம் சொல்லித்தான் இணைப்புப் பெற முடியும். அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்பவர் சவ அடக்கத் தொழில் நடத்தி வந்தார். தமக்கு வரும் அழைப்புகளை நிலையத்துப் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறாள் என்று சந்தேகித்தே அவர் தானியங்கி நிலையத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அதற்கு 1891-ல் உரிமை பெற்றார். விரல் விட்டுச் சுற்றும் சக்கரம் பின்னர் வந்தது. நம் தேசத்தின் முதல் தானியங்கி நிலையம் 1913-14-ல் சிம்லாவில் அமைந்தது. அதாவது, வெள்ளைக்கார அதிகாரிகளின் கோடை வாசஸ்தலத்தில்!

சுதந்திரம் வந்தபோது தேசம் முழுவதிலும் இருந்த டெலிபோன்கள் சுமார் 80,000 தான். 1948-ல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஸர்க்கார் தொழிற்சாலை தோன்றியது. பிறர் கையை எதிர்பாராமல் நம் குரலை நாமே கொண்டு செல்லவேண்டும் என்ற சங்கற்பத்தின் பலன் அது.

சக்கரத்தின் சூட்சுமம் எளிது. 5 என்ற துளையில் விரலை விட்டுச் சுற்றினால் உள்ளே வில் முறுக்கேறும். விட்டவுடன் அது திரும்பும்போது மின்சாரம் ஐந்து முறை அறுந்து சேரும். பூஜ்யத்துக்குப் பத்து முறை. விநாடிக்குச் சுமார் பத்து என்ற கணக்கில் வேகத்தைக் காப்பது ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவி. அதில் தூசியும் உறைந்த எண்ணெயும் சேர்ந்தால் சக்கரம் தடுமாறும். அழைப்பு வேறு யார் வீட்டுக்கோ போய்ச் சேரும்!

ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் சக்கரத்தைக் கவனிப்பார். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது தவறு. ஊசி முனை அளவு போதும். பேக்கலைட் உறையை ஈரத் துணியால் துடைத்து மெருகிட வேண்டும். முரட்டுத் தேய்ப்பு உதவாது. பேசும் வாயிலுள்ள கரித்தூள் கட்டிப் போயிருந்தால், மெல்லத் தட்டினால் குரல் தெளிவடைவதும் உண்டு. கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். மணி அடிக்கும் வேளையில் அதில் பாயும் மின்சாரம் கையை உதறச் செய்யும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். பித்தளை மினுமினுக்க, பழமை வேஷம் போட்ட புதுச் சரக்குகள் கடைகளில் மலிந்திருக்கின்றன. அவற்றைவிட, நம் தகப்பனார் பேசிய கீறல் விழுந்த கறுப்புப் பெட்டி மேல். நெடுங்காலம் டெலிபோன் கருவி இலாகாவின் சொத்தாகவே இருந்தது. இணைப்பை விட்டவர்கள் கருவியையும் திருப்பிக் கொடுத்தார்கள். வீடுகளில் தங்கியவை சொற்பமே என்பதை மறக்கலாகாது.

இன்றைய இழைப் பெட்டிகள் பலவற்றுக்குப் பழைய சக்கரத்தின் பாஷை புரியாது. அதை மொழிபெயர்த்துக் கொடுக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. அதுவும் வேண்டாமெனில், மணியாவது ஒலிக்கட்டும். பரணில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தால் இறக்கித் துடைத்து, குழந்தைகளைக் கூப்பிட்டு, பூஜ்யத்தைச் சுற்றி விடச் சொல்லுங்கள். அது திரும்பி வரும் 'கிர்ர்' என்ற ஓசையில் நம் தேசத்துக் கைத்திறன் இன்னும் உயிரோடு இருக்கிறது.